நெஞ்சில் ஓடும் குதிரை

அத்-பாஷி,
செப்டம்பர் 18, வியாழன்.

மதிப்பிற்குரிய சம்பந்தி தொக்தோசுன் அவர்களுக்கு, ஷர்ஷெனாலி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு நானும் உங்கள் சம்பந்தியம்மா பூபீஷும் நலம். வைக்கோல் ஏற்றியாகிவிட்டது. உருளைக்கிழங்கு பாதி இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது. உங்கள் வீட்டில் எல்லோரும், எங்கள் மகள் மீர்கூலும், சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தொலைபேசி இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். நேற்றிலிருந்து மூன்று முறை உங்களை அழைத்தேன். மூன்று முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். "அந்த மனுசன் உங்களைக் கிறுக்குன்னு நெனச்சிருப்பாரு. வாயில வரலைன்னா எழுதியாவது தொலைங்க" என்று பூபீஷ் பேனாவைக் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

விஷயம் என் வேட்டை நாய் போரானைப் பற்றியது. கல்யாணத்தன்று பெரியவர்கள் முன்னால், கைகளை விரித்து முகத்தில் தடவி வாக்குக் கொடுத்தேன், உங்கள் பெட்டை நாய் குமுஷை என் போரானோடுதான் இணை சேர்ப்போம் என்று. அவள் பருவத்துக்கு வந்துவிட்டாள், அடுத்த வாரம் கூட்டி வருகிறேன் என்று நீங்கள் சொன்னதும், செவ்வாயன்று அவனை பிஷ்கெக் அழைத்துப் போனேன். இதயச் சான்றிதழ் இல்லாமல் வேட்டை நாய்ச் சங்கத்துக்காரர்கள் இப்போது குட்டிகளைப் பதிவு செய்வதில்லை. எனக்குப் பயமெல்லாம் இல்லை, சம்பந்தி. அந்தத் தாளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற ஆசையில்தான் போனேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். முதல்முறை வந்தபோது உங்கள் கையைப் பிடித்துப் போரானின் நெஞ்சில் வைத்து, "உள்ள குதிரை ஓடுது பாத்தீங்களா!" என்றேன். விரலுக்கடியில் அந்த அதிர்வு. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினேன். அவன் அப்பனுக்கும் அது இருந்தது. நான்கு வயதில் நரியைத் துரத்தி ஓடியபடியே விழுந்து செத்தான். வீரச்சாவு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவனும் நானே.

கால்நடை டாக்டர் சைரா குழல் வைத்துக் கேட்டார். பிறகு முடியை மழித்து, பசை தடவி, இயந்திரத்தில் வெகுநேரம் பார்த்தார். நான் சும்மா இருந்தேனா? "அந்தக் குதிரை ஓட்டத்தையும் தாள்ல எழுதிருங்கம்மா" என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "ஐயா, அது நோயி. ரத்தம் இதயத்தை விட்டு வெளிய போற வழி குறுகிக் கெடக்கு. வாய்க்கால் மடையில கல்லு விழுந்தா தண்ணி இரையும்ல? அந்த இரைச்சல்தான் உங்க கையில தட்டுது. பரம்பரையா வர்றது. இவனை இணை சேர்க்காதீங்க, ஓட விடாதீங்க. ஓடுறப்பவே விழுந்துருவான்" என்றார். நான் விடாமல் வாதாடினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவனுக்குப் பிறந்த குட்டிகள் எங்காவது இருக்கின்றனவா என்றார். நான் போரானின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

இவ்வளவு எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து போய்ப் போரானைப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்கு என்ன கோளாறோ என்று அவன் என்னைப் பார்க்கிறான்.

உங்கள் அக்தமானை நான் தேர்ந்தெடுத்த கதையைச் சொல்ல வேண்டும். போரானுக்குப் பிறந்தவை ஆறு குட்டிகள். நாயை விற்பவர்கள் இல்லை நாம். கொடுத்தால் இருப்பதில் சிறந்ததைக் கொடுக்க வேண்டும், அதிலும் பெண் கொடுத்த வீட்டுக்கு! ஒவ்வொன்றின் நெஞ்சிலும் கை வைத்துப் பார்த்தேன். ஐந்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆறாவதில் குதிரை ஓடியது. அதைத்தான் கழுத்தில் பட்டுத்துணி கட்டி உங்கள் மடியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைப் போட்டியில் அவனை ஓடவிடப் போகிறீர்கள். வேண்டாம், சம்பந்தி. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், வேண்டாம். ஊரார் கேட்டால் பழியை என் தலையில் போடுங்கள். குமுஷையும் இங்கே அழைத்து வராதீர்கள். பெரியவர்கள் முன்னால் கொடுத்த வாக்கை மீறியவன் நான். கோபத்தை என்னிடம் காட்டுங்கள். மீர்கூல் தேநீர் கொண்டுவந்து நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

வருகிற செவ்வாய் அக்தமானுக்கும் சைராவிடம் நேரம் கேட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, நான் அங்கே வாசலில் நிற்பேன்.

வேன் ஓட்டும் எசென் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை மதியத்துக்குள் வந்துவிடும். படித்ததும் அக்தமானின் இடது நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். இந்த முறை மழையைப் பற்றிப் பேசமாட்டேன்.

வேட்டை நாய்க்கு யாரும் சொல்லாத ஒரு வாழ்த்தைக் கைகளை விரித்துச் சொல்கிறேன். உங்கள் அக்தமான் எதையும் துரத்தாமல், உங்கள் அடுப்போரம் படுத்துத் தின்று கொழுத்து, பல்லெல்லாம் விழுந்து கிழவனாகட்டும்.

தங்கள் சம்பந்தி,
ஷர்ஷெனாலி