குதி நிற்காத சப்பாத்து

1975 டிசெம்பர் 2, செவ்வாய். ஊர்காவற்றுறை

கடிதம் வந்தது. நாலு பக்கம். அதில் மூன்று பக்கம் தன்ரை குதிக்காலைப் பற்றி! கலியாணம் முடித்து எட்டு மாதத்தில் நோர்வேக்குப் படிக்கப் போன மனுசன் பெண்சாதிக்கு எழுதுகிற கடிதத்தைப் பாருங்கோவன்.

அங்கே பனிக்கு மேலே, சப்பாத்தில் நீளப் பலகை பூட்டிச் சறுக்கப் பழக்குகிறார்களாம். இவர் பழகுவது ரெலமார்க் என்கிற வகை. விரல் பக்கம் மட்டும்தான் பலகையில் பூட்டு. குதி பலகையை விட்டு எழும்ப வேணும். ஆனால் சப்பாத்துக்குள்ளே எழும்பக் கூடாது. பள்ளிக்கூடம் இரவல் கொடுத்த சப்பாத்தில் இவருடைய குதி நிற்கிறதேயில்லை. தோல் உரிந்து இரத்தமாம். "நீர் தையல்காரி, ஒரு வழி சொல்லும்" என்று முடித்திருக்கிறார்.

மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அவவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து எழுத்துத் தெரியாது. மகனுடைய காலை நினைத்து அழுதுவிட்டா.

டிசெம்பர் 6

இவருடைய கலியாணச் சப்பாத்தை அலுமாரியால் எடுத்து என் காலில் போட்டு முற்றத்தில் நடந்து பார்த்தேன். குதி தாராளமாக எழும்பியது. அடியில் கம்பளித் துண்டு வைத்தேன், இன்னும் மேலே வந்தது. பின்பக்கம் வைத்தேன், விரல் முன்னால் போய் இடித்தது.

பக்கத்து வளவு யாக்கோப்பு அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, லியோன்ரை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நோர்வேக்கு நடக்கிறியோ?" என்றார். சிரித்துப்போட்டு உள்ளே வந்தேன். நடந்து போக ஏலுமெண்டால் போயிருப்பன்.

டிசெம்பர் 8

பிடிபட்டிட்டுது! குதிக்குப் பின்னாலும் இல்லை, அடியிலும் இல்லை. கணுக்கால் மொழிக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறதே, அதில். பிறை மாதிரி வெட்டின கம்பளியை ஆட்டுத்தோலில் பொதிந்து சப்பாத்தின் உட்பக்கம் ஒட்டினால் குதி அப்படியே கீழே இருக்கிறது. முற்றத்தை ஆறு சுற்றுச் சுற்றினேன். அசையவில்லை.

நாளைக்குப் பார்சல்.

1976 யனவரி 16

பொருந்திவிட்டதாம். "உம்மடை கை வந்து என்ரை குதியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி" என்று எழுதியிருக்கிறார். எத்தனை தரம் வாசித்தேன் என்று எழுத வெட்கம். மேயில் படிப்பு முடிய என்னைக் கூப்பிடுவார். பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க வேணும். எந்தச் சேலை?

பெப்ரவரி 20

கடிதம் இல்லை. பனியில் தபாலும் சுணங்கும்தானே.

மார்ச் 12, வெள்ளி

வந்தது. அரைப் பக்கம். கூட்டாளி ஒருத்தருக்கும் இதே குதிக் கரைச்சலாம். காலைக் கடதாசியில் வைத்துக் கீறின அளவும் இருக்கு, அதே பிறைத் துண்டு ஒரு சோடி தைத்து அனுப்பட்டாம். என் தையலுக்கு நோர்வேயிலும் மதிப்பு! இருந்த இருப்பில் தைத்து, பின்னேரமே தபாற்கந்தோரில் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 14, ஞாயிறு

பூசையால் வந்து தையல் மேசையைத் துடைத்தேன். அந்த அளவுக் கடதாசி கிடந்தது. சும்மா பார்த்தேன்.

ஒடுங்கின பாதம். என் காலை வைத்துப் பார்த்தன் — கிட்டத்தட்ட என் அளவு. தைக்கேக்கை சின்னக் காலுள்ள ஆம்பிளை எண்டு நினைச்சன். நான் ஒரு மோடு, முட்டாள்!

குதிப் பக்கத்துக் கோடு ஒரு இடத்திலும் உடையேல்லை. தன்ரை காலைத் தானே கீறினால் அங்கை கை எட்டாது, கோடு முறியும். எத்தனை பேருக்கு நான் அளவெடுத்திருக்கிறன், எனக்குத் தெரியாதே? ஆரோ முழந்தாளில நிண்டு அவவின்ரை காலைச் சுற்றிக் கீறியிருக்கினம். ஊதா நிற மைப்பென்சில். இவர் போகேக்கை நான்தான் பொக்கற்றில வைச்சு விட்டனான். நுனியை நாக்கில நனைச்சுக் கீறுற ஆளையும் எனக்குத் தெரியும்.

மாதாவே! நானே வெட்டி, நானே தைச்சு, நானே முத்திரை ஒட்டி —

மார்ச் 15

ஒரு வரிதான் எழுதிப் போட்டன். ஆருடைய கால் அது?

ஏப்ரல் 18, உயிர்த்த ஞாயிறு

மறுமொழி இல்லை. மாமிக்குப் புதுச் சேலை உடுத்திவிட்டேன். எனக்கு மனமில்லை.

மே 7

வந்திட்டுது.

பள்ளிக்கூடத்துக் குசினியில் சமைக்கிற பெண்ணாம். இனித் திரும்பி வரமாட்டாராம். என்னை மன்னிக்கட்டாம். "அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதையும், தாங்கமாட்டா."

கள்ளன்! அப்ப நான்? நான் தாங்குவனாமோ?

மாமி கதிரையில இருந்தபடி, "கடிதமோ பிள்ளை? வாசியன்" எண்டா. வாசிச்சன். சுகமாம், குளிர் விட்டிட்டுதாம், வேலை கிடைச்சபடியால் வரச் சுணங்குமாம். எல்லாம் என்ரை வாயால வந்தது. மாமி சிலுவை அடையாளம் போட்டா.

குசினிக்குள்ளை போய்ச் சீலைத் தலைப்பை வாய்க்குள்ளை அடைச்சுக்கொண்டு அழுதன்.

யூன் 25

பிறகு கடிதமே இல்லை. தபால்காரருடைய சைக்கிள் மணி கேட்டால் மாமி எழும்பி வாசலுக்குத் தடவித் தடவி வருகிறா. மூன்று நாளாக அவவுக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்க ஏலாமல் இன்றைக்குச் சட்டை அளவு எழுதின துண்டொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "கடிதம் வந்திருக்கு மாமி" என்றேன்.

நன்றாகத்தான் கதை கட்டினேன். அந்தக் கடிதத்தில் இவர் மாமியின் முழங்கால் நோவு எப்படி என்று கேட்டார். இறால் குழம்பு நாக்கில் நிற்கிறது என்றார். ஆடு குட்டி போட்டதோ, கிணற்றில் தண்ணீர் உப்பாகிவிட்டதோ, யாக்கோப்பு அண்ணை இப்பவும் பகிடிதானோ — எல்லாம் விசாரித்தார். மாமி சிரித்துச் சிரித்துக் கேட்டா. பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, "உன்னைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ பிள்ளை?" என்றா.

அவ்வளவையும் கட்டும்போது எனக்கு என்னை நினைவு வரவில்லை.