போன் சைனா பால் ஜாடி

தை 9, வெள்ளி

பேத்தியின் வருங்கால மாமியார் இன்று ஸ்ரீரங்கம் வந்திருந்தார். என் கணவர் லண்டனிலிருந்து கப்பலில் தருவித்த டீ செட்டை எடுத்து வைத்தேன். காபி ஊற்றுமுன் அந்த அம்மாள் கோப்பையைக் கவிழ்த்துப் படித்தார்.

“போன் சைனான்னு போட்டிருக்கே மாமி, எலும்பா?”

மாட்டெலும்புச் சாம்பல் கலந்துதான் செய்கிறார்கள். எனக்குத் தெரியும். அதற்குள் மருமகள், “பேருதான் மாமி, வெறும் மண்ணு” என்றாள்.

அவர் என் முகத்தையே பார்த்தார். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். பொய் சொல்லிப் பழக்கமில்லை. உண்மையைச் சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடும். காபியை ஊற்றினேன். குடித்தார்.

கிளம்பும்போது, “இந்தப் பால் ஜாடியை எனக்குக் குடுத்துடுங்கோ. எங்காத்துப் பெருமாளுக்குப் பால் அமுது செய்யப் பண்ண வச்சுக்கறேன்” என்றார். இப்போது கோயிலுக்குப் போவதால், நாளைக் காலையில் வாங்கிக்கொள்ள வருவாராம்.

மருமகள் அதைப் பொட்டலம் கட்டிவைத்துவிட்டுத் தூங்கப் போனாள். நான் பிரித்து, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். காலையில் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை.