கொசு கடித்த கால்

இன்று வகுப்பில் யாரோ கறுப்பு மார்க்கரின் மூடியைத் திறந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கை மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. மார்க்கரைக் கண்டாலே அடுத்தவன் முகத்தில் மீசை வரையத் துடித்த கை. நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

திங்கட்கிழமைதோறும், பள்ளி முழுக்க வரிசையில் நிற்கும் சபைகூடலுக்கு முன்னால் என்னிடம் வந்து நிற்பாய். "டேய், மார்க்கர் குடுலா. ரெண்டே நிமிஷம்." வாங்கிக்கொண்டு கழிவறைப் பக்கம் போய்விடுவாய். எனக்குத் தெரியாமல் தனிக்கடை போட்டு எவனுக்கோ மீசை வரைகிறாய் என்று நினைத்தேன். தொழில் போட்டி என்று எரிச்சல் வேறு.

அப்போது தமிழ் வகுப்பில் ஒரு சிறுவர் நாவல் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளியில் படம் எடுக்கும் காட்சி. எல்லாரும் நேராக நிற்க, ஒரு பெண் மட்டும் வலது காலை இடது காலின்மேல் வைத்து நிற்கிறாள். "ஏன் அப்படி நிக்கிறா?" என்று டீச்சர் கேட்டார்.

"கொசு கடிச்சிருக்கும், டீச்சர்," என்றேன். வகுப்பே சிரித்தது.

நீ சிரிக்கவில்லை. "கீழ இருக்கிற கால்ல சப்பாத்து கிழிஞ்சிருக்கு, டீச்சர். அவ ஏழைன்னு கதையில எங்கயும் எழுதல. கால மட்டும் காட்டுறாங்க. வீட்டுல புதுசு கேக்கமாட்டா, வெளிய யார்கிட்டயும் சொல்லமாட்டா. அதுவும் அந்தக் கால்லயே தெரியுது."

டீச்சர் அதை அப்படியே பலகையில் எழுதினார். நான் உன் காதில், "வந்துட்டாருடா பேராசிரியர், கால் துறை," என்றேன்.

அடுத்த திங்கள், நீ வரைந்த மீசை வியர்வையில் வழியும், உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று திட்டம் போட்டேன். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் வெண்பலகை மார்க்கரை, மேலே ஒட்டியிருந்த பெயர்த் தாளைக் கிழித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் உன்னிடம் நீட்டினேன். சபைகூடலின் பாதியில் தூறல் விழுந்தது. எவன் முகத்திலும் மை வழியவில்லை. நீ நின்ற சிமெண்டுத் தரையில்தான் கறுப்புத் தண்ணீர். உன் வலது கால் இடது காலின்மேல் இருந்தது.

"என்னடா, கால் அழுவுது?"

"கொசு கடிக்குதுடா," என்றாய், சிரித்துக்கொண்டே.

என் நகைச்சுவையை எனக்கே திருப்பித் தருகிறாய் என்று நானும் பெருமையாகச் சிரித்தேன்.

விடுமுறையில் உனக்கு டெங்கிக் காய்ச்சல். நாலாம் நாள் நீ இல்லை. டத்தோ கிராமாட் குடியிருப்பில் உன் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தேன். பக்கத்தில் உன்னுடைய ஜோடி. இடது சப்பாத்தின் முனை பிளந்திருந்தது. பழைய பள்ளிச் சட்டைத் துணியை உள்ளே வைத்துத் தைத்து, வெள்ளை தெரியாமல் மேலே மார்க்கர் பூசியிருந்தாய். ஓரமாக ஓர் இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக வெளுத்துக் கிடந்தது. என் மார்க்கர் கரைந்த இடம்.

"உள்ள வாப்பா," என்று உன் அம்மா கூப்பிட்டார். குனிந்தவன் நிமிரவில்லை.

நீ டீச்சருக்குச் சொன்னது கதைக்கான பதிலே இல்லை. வகுப்பு முழுக்கக் கேட்கும்படி உன்னைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறாய். ஒரே மேசையில் உட்கார்ந்திருந்த நான் அதற்கு ஒரு துறை வைத்துச் சிரித்தேன். நாவலில் ஒரே வரியில் நின்ற அந்தக் கால், வருடம் முழுக்க என் பக்கத்தில் நின்றிருக்கிறது. இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

என் பையில் இப்போதும் மார்க்கர் இருக்கிறது. கடையிலேயே உள்ளங்கையில் கோடு போட்டு, எச்சில் தொட்டுத் தேய்த்து, அழியவில்லை என்று பார்த்துத்தான் வாங்கினேன். யார் கேட்டாலும் எதற்கு என்று கேட்பதில்லை. கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.