பாப்பாவைச் சங்கத்தில் சேர்ப்பது பற்றி

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். உன் முதுகுவலி தேவலையா? மாமாவுக்குச் சர்க்கரை குறைந்ததா?

புத்திக்கூர்மைப் பரீட்சையில் தேறிய பாப்பாவை அந்த அதிபுத்திசாலிகள் சங்கத்தில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். நாலு நாளாக அதே யோசனை, வேலையே ஓடவில்லை. லீவு நாளில் இங்குள்ள கிளைக்கே போய்விட்டேன். வேடிக்கை பார்க்க யாரும் வரலாமாம்.

கூட்டம் ஐந்தாம் மாடியில். லிஃப்டில் ஒன்பது பேர் ஏறினோம். எடை கூடிவிட்டதென்று மணி அடித்தது, லிஃப்ட் நகரவில்லை. உடனே எடை, சராசரி, மோட்டார் என்று விவாதம் கிளம்பிவிட்டது.

“நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. ஒருத்தர் இறங்கினா போதும், கிளம்பிடும்” என்றேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், ஒருவரும் இறங்கவில்லை. நானே இறங்கிப் படியேறினேன். சிரிக்காதே!

மேலே, லிஃப்டில் வந்த ஓர் அம்மா எனக்காக வாசலிலேயே நின்றிருந்தார். “மூளை இருக்குன்னு காட்டவா வர்றோம்? பேச ஆளில்லாமதாங்க வர்றோம்” என்றார். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

பள்ளியில் பாப்பா மதியச் சாப்பாட்டை யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று கேள். தோழிகளோடு என்றால் சங்கம் வேண்டாம். தனியாக என்றால் நாளைக்கே சேர்த்துவிடு.

என் டிபன் டப்பா மூடியின் ரப்பர் போய்விட்டது, ஒன்று அனுப்பு. பாப்பாவையும் நாலு வரி எழுதச் சொல், நீளமாக.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. அப்பா யாரோடு சாப்பிடுகிறார் என்று அவள் திருப்பிக் கேட்டால், பெரிய கூட்டத்தோடு என்று சொல்லிவிடு.

அவசரத்தில்,
பாப்பா அப்பா