கோழிக்கூட்டின் மேல் கிடந்த நான்கு ரிம்கள்

ஹ்ராப்னகோட் பண்ணை,
வடக்கு ஐஸ்லாந்து,
நவம்பர் 23

அன்பு மகள் ஸ்வாலாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் இந்த வயதுக்கு எவ்வளவு சுகமாக இருக்க முடியுமோ அவ்வளவு சுகம். ஆஸ்திரேலிய வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் எமில் குட்டியும் தோல் உரியாமல் நன்றாக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு தொடங்குகிறேன். ஞாயிறுதோறும் போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் பேசும்போது உன் அப்பா பக்கத்து நாற்காலியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்ன சொல்வது. டயர் என்ன ஆச்சு, டயர் என்ன ஆச்சு என்று நீ ஒரு மாதமாகக் கேட்கிறாய், நானும் ஆகிக்கொண்டிருக்கிறது என்று மழுப்பிக்கொண்டிருக்கிறேன். இப்போது மதியச் சாப்பாடு முடிந்து அவர் தூங்குகிறார். பாத்திரம் கழுவாமல் கிடக்கிறது, கிடக்கட்டும், நடந்ததை முழுக்க எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் களைத்துப் போயிருக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொல்கிறேன். திங்கள், புதன், வெள்ளி, வாரம் மூன்று நாள் அறுபது கிலோமீட்டர் மேட்டுச் சாலையைத் தாண்டி டவுன் ஆஸ்பத்திரி, அங்கே நாலு மணி நேரம் அவருக்கு டயாலிசிஸ், எனக்கு அதே பிளாஸ்டிக் நாற்காலி, அதே பின்னல் ஊசி, பிறகு அதே அறுபது கிலோமீட்டர். எமிலுக்கு ஆரம்பித்த கம்பளிச் சட்டை கை இரண்டும் முடிந்துவிட்டது, அந்த வெயிலில் அவன் அதை எங்கே போடப் போகிறான் என்று தெரியாமலே பின்னிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் உருளைக்கிழங்கைத் தண்ணீர் மாற்றி இரண்டு தடவை வேகவைக்க வேண்டும், உப்பு கூடாது, குடிக்கிற தண்ணீரைக் கோப்பையில் அளந்து கொடுக்க வேண்டும். கருவாடும் அதிமதுர மிட்டாயும் கூடவே கூடாது. மிட்டாயைக் கம்பளிச் சாக்ஸுக்குள் ஒளித்துவைக்கிறார், எழுபத்தொரு வயது மனுஷன். ஆடுகளைச் செப்டம்பரிலேயே விற்றுவிட்டோம் என்று சொன்னேன் அல்லவா, அன்றிலிருந்து அவர் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அப்பால் எந்த நாளைப் பற்றியும் பேசுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு ஆட்டுத்தொடை எத்தனை புகையில் போடட்டும் என்று கேட்டேன், "உனக்கு எவ்வளவு வேணுமோ போட்டுக்கோ" என்றார். உனக்கு என்றார், நமக்கு என்று சொல்லவில்லை. அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

பண்ணையை விற்றுவிட்டு டவுனில் ஒரு ஃபிளாட் பார் என்று நீ சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். "டவுன்ல ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டு ஜன்னல். அதைப் பார்த்துக்கிட்டு சாகறதுக்கு நான் இங்கயே சாகறேன்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆக எல்லாம் அந்தக் கிழட்டு ஜீப்பின் தலையில்தான் வந்து விடிந்தது.

அந்த ஜீப்பை உனக்குத் தெரியாதா. நீ பிறந்த வருஷம் மட்கார்டை வெட்டி, வண்டியைத் தூக்கி, கியரெல்லாம் மாற்றி முப்பத்தெட்டு அங்குல டயர் போட்டார், அன்றிலிருந்து மீட்புப் படையில் இருபத்தைந்து வருஷம் அந்த அளவு டயரோடுதான் யார் யாரையோ பனியிலிருந்து வெளியே இழுத்தார். இப்போது கண் மங்கி, கால் வீங்கி, ஓட்டுவது நான், பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுவது அவர். அக்டோபர் இரண்டாவது வாரம் ஒரு புதன்கிழமை, மேட்டின் உச்சியில் பனிக்கட்டிச் சாலை மேல் மழை பெய்தது. வண்டியின் பின்புறம் இப்படியும் அப்படியும் நழுவுகிறது. "காத்தை இறக்கு" என்றார். நமக்கெல்லாம் நாற்பது வருஷமாக எல்லாவற்றுக்கும் அதுதானே மருந்து, பனியில் புதைந்தால் காற்றை இறக்கு, மணலில் புதைந்தால் காற்றை இறக்கு. நானும் யோசிக்கவில்லை. அந்தக் காற்றில் கதவைப் பிடித்துக்கொண்டே இறங்கி நாலு டயரிலும் காற்றை இறக்கிவிட்டு வந்தேன். ஆழமான பனியில் மிதக்கிறதற்கு அது சரி, ஈரப் பனிக்கட்டியில் அகலமான டயரை இன்னும் அகலமாக்கினால் என்ன ஆகும். அடுத்த வளைவில் ஜீப் அப்படியே குறுக்கே திரும்பி, சாலையோர மஞ்சள் கம்பத்தை ஒடித்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. என் கை ஸ்டீயரிங்கை விட மாட்டேன் என்கிறது. பனி தள்ளும் வண்டிக்காரர் வந்து இழுத்துவிடுவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது, அன்றைக்கு டயாலிசிஸும் போய்விட்டது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் உனக்குச் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே. ஆனால் மறுநாள் காலையில் அவர் சொன்னதைக் கேள். "இனிமே வாரத்துக்கு ரெண்டு தடவை போதும், ஆஸ்தீஸ். ரோடு சரியா இருந்தா போவோம். இல்லேன்னா விட்டுடலாம்." மருத்துவர் மூன்று என்றால் மூன்று, குறைத்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வானம் கொஞ்சம் கறுத்தது, அவர் பூட்ஸைப் போடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கால் இரண்டும் தூண் போல வீங்கி, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். நீ போனில் பேசினாயே, அப்பா ஏன் மெதுவாகப் பேசுகிறார் என்று கேட்டாயே, அந்த ஞாயிறுதான். எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதாம், அதற்காக உயிரை விடுவாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் பால் கேனை எட்டி உதைத்தேன், என் கால்தான் வலித்தது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் லோவாவின் டயர் கடையில் வண்டியை நிறுத்தினேன். லோவாவை ஞாபகம் இருக்கும், உன்னைவிட ஆறு வயது மூத்தவள், மீட்புப் படையில் உன் அப்பாவிடம்தான் வண்டி ஓட்டக் கற்றாள். அவள் டயரை விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தாள், பக்கவாட்டில் இருக்கிற நாலு எண்ணைப் படித்தாள். எந்த வருஷம், எந்த வாரம் செய்தது என்று அதில் இருக்கிறது. "பன்னெண்டு வருஷம் ஆச்சு அக்கா. ரப்பர் கல்லாப் போச்சு. இதுல ஐஸ் ஆணி பதிச்சாலும் நிக்காது" என்றாள். பிறகு அப்பாவிடம் போய், "அண்ணே, நீங்க இப்ப போறது தார் ரோடு, பனியை வழிச்சு விட்ட ரோடு. பனிமலை மேல ஏறப் போறீங்களா என்ன? முப்பத்திமூணு போடுங்க, ஒடுக்கமா, ஆணி வச்சு. அதுதான் ஐஸைக் கடிக்கும்" என்றாள். "முப்பத்திமூணா? பால் வாங்கப் போற பொம்பளைங்க வண்டியாட்டம் இருக்கும்" என்றார் இவர். அவள் விடுவாளா. "பால் வாங்கப் போற பொம்பளை பத்திரமா வீட்டுக்கு வந்துடறா அண்ணே. நீங்க எங்க போய் நின்னீங்கன்னு பனிவண்டிக்காரர் சொன்னாரு" என்றாள். அவருக்கு முகம் செத்துவிட்டது.

நான் அவரைக் கேட்காமலே லோவாவிடம் போனில் சொல்லி நாலு டயர் வரவழைத்தேன். என் வாழ்க்கையில் அவரைக் கேட்காமல் ஜீப்புக்கு வாங்கிய முதல் சாமான். வந்தது. லோவா தன் வேனில் போட்டுக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினாள், கருகருவென்று, ஆணியெல்லாம் பளபளவென்று, பார்க்கவே எனக்குத் தெம்பாக இருந்தது. முன் சக்கரத்தைக் கழற்றி ரிம்மை அளந்தவள் அப்படியே குந்திவிட்டாள். முப்பத்தெட்டுக்காகப் போட்ட அகல ரிம் அது, ஒடுக்க டயர் அதில் உட்காரவே உட்காராது. நான் அளக்கவும் இல்லை, எவ்வளவு அகலம் என்று அவள் கேட்டதற்குச் சாதாரண ரிம்தான் என்று சொல்லியும் இருக்கிறேன். முப்பத்தைந்து வருஷமாக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிற ரிம் எனக்குச் சாதாரணமாகத்தான் தெரிந்திருக்கிறது. இந்தப் பழைய வண்டிக்கு ஏற்ற ஒடுக்க ரிம் ரெய்க்யாவிக்கில் தேடிப் பிடித்து வர மூன்று வாரமாவது ஆகும் என்றாள். மூன்று வாரம் என்றால் ஒன்பது தடவை. நான் வீட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன் ஸ்வாலா. உன்னிடம் சொல்ல என்ன வெட்கம், ஓவென்று அழுதேன்.

திரும்பி வந்தால் உன் அப்பா வாசற்படியில் நிற்கிறார், வெறும் சாக்ஸ் காலோடு. லோவாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, எங்கோ பார்த்துக்கொண்டு, "கோழிக்கூட்டு மேல பாரு" என்றார். எனக்குப் புரியவில்லை. "வண்டியோட வந்த ரிம்மு நாலும் அங்கதான் கிடக்கு. காத்துல தகரம் பறக்காம இருக்க வச்சேன்" என்றார். லோவா ஒரு கணம் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், பிறகு இருவரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கயிற்றால் கட்டி, பாசி பிடித்து, கோழி எச்சத்தோடு நாலும் கிடந்தன. தினமும் முட்டை எடுக்கப் போகிறேன், ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, மறுநாள் லோவா டயரை மாட்டிக் கொண்டுவந்தாள். சக்கரத்தை வண்டியில் பூட்டும்போது அவர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு தடியை ஊன்றி வெளியே வந்து ஒரு பால் பெட்டி மேல் உட்கார்ந்தார், நட்டை இப்படி முடுக்காதே, அப்படி முடுக்கு என்று அதிகாரம் வேறு. நடுவில் என்னைக் கூப்பிட்டு ஒரு சாக்பீஸ் கொண்டுவா என்றார். இவருக்கு இப்போது சாக்பீஸ் எதற்கு என்று அலுத்துக்கொண்டே உன் பழைய பள்ளிக்கூடப் பெட்டியைத் துழாவி எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுப்பில் வைத்த கஞ்சியைப் பார்க்க உள்ளே போய்விட்டேன்.

ஜீப்பைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. வெட்டி அகலப்படுத்திய மட்கார்டுக்கு நடுவில் சின்னச் சக்கரம், அப்பா சட்டையைப் பிள்ளை போட்ட மாதிரி. ஆனால் வண்டி இரண்டரை அங்குலம் தாழ்ந்துவிட்டதில் அவர் இப்போது ஸ்டூல் இல்லாமல் ஏறுகிறார். முதல் நாள் மேட்டில் கண்ணாடி போல ஐஸ். மஞ்சள் கம்பம் ஒடிந்த இடம் வருகிறது, வண்டியோ கடித்துக்கொண்டு போகிறது, கறமுறவென்று ஆணி சத்தம் மட்டும்தான். திடீரென்று உன் அப்பா, "ஏய் ஏய், எண்பதுல போறே! என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா, பரலோகத்துக்கா?" என்று கத்தினார். பார்த்தேன், முள் நிஜமாகவே எண்பதில் நிற்கிறது. நான் பதறி வேகத்தைக் குறைத்தேன். பிறகுதான் லோவா சொன்னது நினைவு வந்தது, மீட்டர் பெரிய டயருக்குக் கணக்குப் பண்ணினது, சின்ன டயரில் எண்பது என்று காட்டினால் எழுபதுதான் போகிறோம். அந்தக் கணக்கை அன்றைக்கு உட்கார்ந்து போட்டவரே இவர்தானே, இவருக்கா தெரியாது. திரும்பிப் பார்த்தால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிறார். அன்றைக்கு ஊசி குத்துகிற நர்ஸ் பெண்ணிடம், "எம் பொண்டாட்டி ஐஸ் மேல எண்பதுல வருவா, தெரியுமா உனக்கு" என்று பெருமையடித்தாராம். அதிலிருந்து மூன்று வாரம், ஒன்பது தடவை, ஒன்றும் தப்பவில்லை. கால் வீக்கம் வடிந்திருக்கிறது.

இவ்வளவோடு கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் நேற்று அடித்த காற்றில் கோழிக்கூட்டின் ஒரு தகரம் கிளம்பிவிட்டது, பாரம் எடுத்துவிட்டோம் அல்லவா. பழைய முப்பத்தெட்டு டயர் நாலும் ஆட்டுக் கொட்டகையில் சும்மாதானே கிடக்கிறது, அதைத் தூக்கி மேலே வைத்தால் இன்னும் முப்பது வருஷத்துக்குத் தகரம் அசையாது என்று உருட்டிக்கொண்டு வரப் போனேன். முதல் டயரைப் புரட்டினால் உட்பக்கத்தில் சாக்பீஸ் எழுத்து. வலது முன். அடுத்ததில் இடது முன். வலது பின், இடது பின். அவருடைய கோணல் எழுத்து, கை நடுங்கி இன்னும் கோணல். ஒவ்வொன்றிலும் அதற்குக் கீழே சின்னதாக, ஏப்ரல் 15. குளிர்காலம் முடிந்து சட்டப்படி ஆணி டயரைக் கழற்ற வேண்டிய நாள். திரும்பப் போடப் போகிற டயருக்குத்தானே ஸ்வாலா இடம் குறித்து வைப்பார்கள், தூக்கி எறிகிற டயருக்கு யார் வலது இடது எழுதுகிறார்கள்.

அந்தக் கல்லாய்ப்போன ரப்பரை ஏப்ரலில் மறுபடி மாட்டலாமா என்று அவரோடு நான் சண்டை போடத்தான் போகிறேன். போடுவோம், ஏப்ரலில். தகரத்தைக் கயிற்றால் கட்டிவிட்டேன். டயரைத் தொடவில்லை.

நீ போனில் இதைப் பற்றி மூச்சு விடாதே, எழுத்தை நான் பார்த்தது அவருக்குத் தெரிய வேண்டாம். எமிலை வெயிலில் தொப்பி இல்லாமல் விடாதே. நீ கார் ஓட்டும்போது போன் பேசாதே, உன் வண்டி டயரிலும் நாலு எண் இருக்கும், இன்றைக்கே குனிந்து பார், பழசாக இருந்தால் மாப்பிள்ளையைக் கேட்டுக்கொண்டிருக்காமல் மாற்றிவிடு. கடவுள் உங்கள் மூவரையும் கையில் வைத்துக் காக்கட்டும், அம்மாவின் முத்தங்கள். ஏப்ரலில் லீவு கிடைக்குமா என்று மட்டும் கேட்டு வை, பதினைந்தாம் தேதி ஜாக்கி பிடிக்க இங்கே ஓர் ஆள் வேண்டியிருக்கும்.

உன் அம்மா,
ஆஸ்தீஸ்