நெற்றியில் விழுந்த கோடுகள்

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா நலம். முதலில் அதைச் சொல்லிவிட்டேன். நரம்பியல் தேர்வு முடிவு வந்ததிலிருந்து நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

திங்கட்கிழமை காலை பல் துலக்கிவிட்டு வந்த அப்பாவின் வலது வாயோரம் தொங்கியிருந்தது.

"பஸ் ஜன்னல் காத்து பட்டிருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார் சித்தப்பா.

விடுமுறையில் தேர்வுக்குப் படிக்க நீ என்னை நோயாளியாக உட்காரவைத்துப் படுத்திய பாடு நினைவுக்கு வந்தது.

"அப்பா, புருவத்தைத் தூக்குங்க."

"நான் என்ன குரங்கா?" என்று குழறியபடியே தூக்கினார். நெற்றியின் இரு பக்கமும் கோடுகள் விழுந்தன. முகத்து நரம்பு கெட்டால் அந்தப் பக்க நெற்றியும் சுருங்காது. நெற்றி சுருங்கி வாய் மட்டும் தொங்கினால் கோளாறு மூளையில் என்று இருபது தடவையாவது சொல்லியிருப்பாய்.

"சித்தப்பா, இது காத்து இல்ல, மூளை! வண்டிய எடுங்க!" என்று கத்தினேன்.

"பக்கவாதம். நல்ல நேரத்துல வந்தீங்க. யாரு கண்டுபிடிச்சது?" என்று ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்டார்.

"எங்க அக்கா" என்றேன். நன்றி அக்கா.

மறுதேர்வைப் பற்றி நான் கேட்கவே மாட்டேன். கீழே இருக்கும் கோணல் கையெழுத்து அப்பாவுடையது. அன்று டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் கிடந்த வலது கையால்தான் போட்டார்.

இப்படிக்கு,
உன் முதல் நோயாளி