வாசலில் இல்லாத இடம்

இன்று காலை திருத்தங்கலில் பஸ் மாற இறங்கி நின்றேன். எதிர்க் கட்டடத்தில் இரண்டு பேர் புது ஃப்ளெக்ஸ் ஒன்றை விரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மை வாடை மாறாத ஃப்ளெக்ஸின் நெடி சாலையைத் தாண்டி வந்து மூக்கில் ஏறியது. அதில் யார் படம் இருந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை. உன் முகத்தை ஆளுயரத்துக்குப் பார்த்த அன்றும் இதே நெடிதான் அடித்தது.

நீ போய் வருஷங்கள் ஆகிவிட்டன. காலம் போனால் கோபம் தணியும் என்று எல்லோரும் சொன்னார்கள். தணியவில்லை. யாரிடமாவது கொட்ட வேண்டும் என்றால் உன்னிடம்தான் கொட்ட வேண்டியிருக்கிறது.

விருதுநகரில் செருப்புக் கடைக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போகும் அந்தப் பயிற்சி மையத்தில்தான் நாம் சேர்ந்தோம். மருத்துவ நுழைவுத்தேர்வில் முதல் தடவை மதிப்பெண் வராதவர்கள் மறுபடி படிக்கும் இடம். நான் மல்லாங்கிணற்றுக்காரி. நீ ஆனைக்குட்டம் பக்கம். உன் அம்மா பட்டாசுக் கம்பெனியில் பெட்டி போடுகிறவர். இரண்டு பேரும் தமிழில் படித்து வந்தவர்கள். அங்கே எல்லாம் ஆங்கிலம்.

இயற்பியல் வகுப்பில் நீ எழுந்து நின்றது கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

"சார், ஃப்ரிக்‌ஷன்னு சொன்னீகளே, அது உராய்வுதானே?"

"தமிழ்ல கேட்டுக்கிட்டே இரு. பரீட்சைப் பேப்பர் உனக்காகத் தமிழ்ல வருமாக்கும்?"

"வரும் சார். தமிழ்லயும் உண்டு. நான் போன தடவை தமிழ்லதான் எழுதுனேன்."

வகுப்பே சிரித்தது. அவர் முகம் கறுத்துவிட்டது. "அப்படி எழுதித்தான் இங்கன வந்து உக்காந்திருக்க" என்றார். நீ உட்காரவில்லை. "அதுக்குத்தானே சார் வந்திருக்கோம், சொல்லிக் கொடுங்க" என்றாய். அவர் கடைசிவரை உராய்வு என்ற சொல்லைச் சொல்லவே இல்லை.

அதன்பிறகு மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் நமக்கு அந்த இரும்புப் படிதான் பள்ளிக்கூடம். காலையில் நடத்தியதைத் தமிழில் உடைத்து உடைத்துப் பேசுவோம். என் டப்பாவிலிருந்து மோர் மிளகாயை எடுத்துக் கடித்துக்கொண்டே கேள்வித்தாளைத் திட்டுவாய். "இவன் கேள்வி கேக்கானா, பொடி வைக்கானா?" என்பாய். திட்டிவிட்டுச் சரியான விடையைத் தட்டுவாய். விடை வராவிட்டால் பஸ்ஸில் ஏறும்வரை அதையே பிடித்துக்கொண்டு சண்டை போடுவாய்.

நீ மேலே வந்துகொண்டிருந்தாய். கூடவே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். மையத்துக்காரர்களுக்குப் பொறுமை இல்லை. ஆவணியில் வைத்த தேர்வு முடிந்ததும் தாளாளர் உன்னை அறைக்குக் கூப்பிட்டார். நானும் வாசலில் வந்து நின்றேன்.

"வீட்ல இருந்தே படிம்மா. உன்னால நம்ம ரிசல்ட்டு அடிபடுது. பசங்களும் டிஸ்டர்ப் ஆகுறாங்க."

"ரிசல்ட்டு உங்களுதா சார்? பரீட்சை எழுதப் போறது நான்ல?"

அவர் உன்னோடு பேச்சை நிறுத்திவிட்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டார். மறுநாள் காலை வழக்கம்போல் வந்த உன்னை, அந்த மனுஷர் படிக்குக் கீழேயே நிறுத்தினார். நான் மேலே போய்க் கேட்டேன். உன் வேலையைப் பார் என்றார்கள்.

நீ விடவில்லை. சாயங்காலம் நான் பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போது கடலைக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாய். "ஏ புள்ள, இன்னைக்கு மேல என்ன நடத்துனாக?" நான் சொல்லச் சொல்ல நீ என்னைத் திருத்துவாய். வகுப்பில் உட்கார்ந்தவள் நான், வெளியே நின்றவள் நீ. திருத்தியது நீ.

தீபாவளி சீசன் நெருங்கியது. அம்மா வேலை பார்த்த கம்பெனியில் லோடு ஏறிக்கொண்டே இருந்தது, ஆள் பற்றவில்லை. "சும்மா வீட்ல இருக்குற புள்ளைய அனுப்புன்னு ஃபோர்மேன் அம்மாகிட்ட நச்சரிக்காரு. சீசன் முடியிற வரைக்கும் போயிட்டு வந்துடுறேன். அதுவரைக்கும் நடத்துறத எனக்குச் சேத்து வை" என்றாய். சும்மா இருக்கிற பிள்ளை! உன்னைச் சும்மா இருக்க வைத்தது யார்?

பெட்டி போடத்தான் போனாய். பக்கத்து அறையில் மருந்து வெடித்தது. அம்மா தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்தார். நீ உள்ளே இருந்தாய்.

எங்களுக்கு வகுப்பின் நடுவே செய்தி வந்தது. உன் பெயரைக் கேட்டதும் இயற்பியல் ஆசிரியர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி விட்ட இடத்திலிருந்து நடத்தினார். நான் பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

உராய்வினால் விபத்து என்று பேப்பரில் போட்டார்கள். எப்போது வெடித்தாலும் அதைத்தான் போடுகிறார்கள், யாரும் எதுவும் செய்யாமல் தானாக உரசிக்கொண்டதுபோல. கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். அடுத்த சீசனுக்குள் திறந்துவிட்டார்கள்.

உன்னை எடுத்த மறுநாளே உங்கள் தெருமுனையில் அந்த ஃப்ளெக்ஸ் நின்றது. சேரும்போது நீ கொடுத்த சின்ன போட்டோவை இழுத்துப் பெரிதாக்கி, 'எங்கள் மையத்தின் அன்பு மாணவி, வருங்கால மருத்துவர்' என்று போட்டிருந்தார்கள். உனக்குப் பக்கத்தில் கைகூப்பிய தாளாளர். கீழே சிவப்பு எழுத்தில், சேர்க்கை நடைபெறுகிறது.

உன் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டிக் கூட்டிப் படித்தார். பிறகு என்னிடம், "தாயி, அந்த ஆளு எங்கன இருப்பாரு, கூட்டிட்டுப் போ" என்றார். ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்த கயிறுகளை அவரே அவிழ்த்தார். இரண்டு பேரும் அதைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். அன்றைக்கு வாட்ச்மேன் எங்களைத் தடுக்கவில்லை. எழுந்து நின்றார்.

தாளாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. நல்ல மனசோடதான் வச்சோம். எங்க புள்ள மாதிரி."

அம்மா உட்காரவில்லை. "எம்மகளுக்கு ஒங்க வாசல்ல நிக்க எடமில்லையே சார். இப்ப மட்டும் எங்க தெருவுல கொண்டாந்து நிப்பாட்டுறீக?"

"அது வந்தும்மா..."

"இத நீங்களே வச்சுக்கோங்க."

அம்மா ஃப்ளெக்ஸ் சுருளை அவர் மேசைமேல் போட்டார். மேசையில் இருந்த தேநீர் கவிழ்ந்து அவர் சட்டையெல்லாம் கொட்டியது. நாங்கள் இறங்கி வந்தோம். அதன்பிறகு நான் அந்தப் படி ஏறவில்லை. மருத்துவம் எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது விலங்கியல் படிக்கிறேன், தமிழும் ஆங்கிலமும் கலந்து. அந்த மையம் இப்போது இரண்டு மாடியாக வளர்ந்திருக்கிறது. அதை நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் அதைவிட எரிச்சல் எது தெரியுமா? செத்தபிறகு எல்லோரும் உன்னைச் சாதுவாக்கிவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் தங்கை எட்டாவது படிக்கிறாள். என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள்.

"அக்கா, எங்க அக்கா வாயே தொறக்க மாட்டாளாம். அவள மாதிரி அமைதியா இருன்னு அம்மா, சித்தி எல்லாரும் சொல்றாக. எனக்கு அவ சண்டை போட்டதுதான் ஞாபகம் இருக்கு. நான் தப்பா ஞாபகம் வச்சிருக்கேனா?"

"நீதான் சரியா வச்சிருக்க" என்றேன். வகுப்பில் நீ எழுந்து நின்றதையும், தாளாளரை நீ கேட்ட கேள்வியையும் அப்படியே சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. என்னிடம் உன்னுடையது என்று இருப்பது அந்தச் சத்தம்தான். அதையும் அமுக்கிவிட நான் யார்?

அவள் நேரே அடுப்படிக்கு ஓடினாள். "அம்மா, அக்கா சண்டைக்காரிதானாம்!"

உள்ளே பாத்திரம் விளக்கும் சத்தம் நின்றது. பிறகு உன் அம்மாவின் குரல் வந்தது.

"ஆமா. அம்புட்டு வாயி அவளுக்கு."